அப்பாவுக்கு மணிவிழா: 1964-ல் நாட்டில் என்னவெல்லாம் நடந்தது?

குடந்தை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வருகிற 2024 ஆவணியில் அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் மணிவிழா. தாம்பூலப் பையில் வழக்கம்போல எவர்சில்வர் கிண்ணத்தைப் போடாமல், அப்பா பிறந்த 1964-ல் இந்தியாவில் நடந்தவை, அந்த வருஷம் பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்று பதினாறு பக்கத்தில் ஒரு சின்ன மலர் அச்சடித்து வைக்கலாம் என்று தம்பியும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

இதுவரை சேர்த்தது இவ்வளவு: மே 27 நேரு மறைவு. குல்சாரிலால் நந்தா தற்காலிகப் பிரதமர். ஜூன் 9 லால் பகதூர் சாஸ்திரி பதவியேற்பு. அக்டோபர் 23 டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கம். அக்டோபர் 30 இலங்கையோடு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தது. டிசம்பரில் போப் ஆறாம் பால் பம்பாய் வருகை. டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி புயல். பிறந்தவர்களில் பி.டி. உஷா, அமித் ஷா. இறந்தவர்களில் பாரதிதாசன், பம்மல் சம்பந்த முதலியார், வயலின் துவாரம் வெங்கடசாமி நாயுடு, இந்தி நடிகர் குரு தத், விஞ்ஞானி ஹால்டேன்.

அடித்துப் பார்த்தால் டி.என்.பி.எஸ்.சி. கைடு மாதிரி இருக்கிறது. யாரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். பாட்டியிடம் கேட்டேன், அப்பாவைப் பெற்றவர், எண்பதைத் தாண்டிவிட்டார். "அந்த வருஷம் என்ன பாட்டி நடந்தது?" என்றால், "அரிசி கிடைக்கலடி" என்கிறார். நேரு? "ஆமா, போயிட்டார். அரிசி கிடைக்கல." திருப்பித் திருப்பி அதுதான். அதற்கு மேல் நினைவில்லை போல.

எதை விடலாம், எதை வைக்கலாம், இன்னும் என்ன சேர்க்கலாம்? அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பஞ்சாங்கப் பித்தன்:

ஒரு விஷயம் கவனித்தீர்களா? மணிவிழா என்பதே பிறந்த தமிழ் வருஷம் திரும்பி வருவதைத்தான் கொண்டாடுகிறது. உங்கள் அப்பா பிறந்தது குரோதி. 2024 சித்திரையில் தொடங்கியதும் குரோதி. அப்படியிருக்க ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று ஏன் வெட்டுகிறீர்கள்? 64 சித்திரையில் தொடங்கி 65 பங்குனியில் முடியுங்கள்.

இதனால் சில செய்திகள் மாறும். இந்தியை எதிர்த்து கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சி ரயில் நிலையத்தில் தீக்குளித்தது 1964 ஜனவரி 25. அது முந்தின சோபகிருது வருஷம். கம்யூனிஸ்ட் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறியதும் (நம் என். சங்கரய்யா அதில் ஒருவர், 2023 நவம்பரில் காலமானார்) ஏப்ரல் 11, சோபகிருதுவின் கடைசி நாட்கள். அதற்குப் பதிலாக 65 ஜனவரியில் மதுரையில் மூண்டு மாநிலம் முழுக்கப் பரவிய மொழிப் போராட்டம் குரோதிக் கணக்கில் வந்துவிடும். பாரதிதாசன் காலமானது ஏப்ரல் 21, வருஷம் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் அவருக்கு 73 நிறைந்திருக்கும்.

ரிடையர்டு கார்டு, பரமக்குடி:

தாயி, உன் பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் உன் வீடு இல்லை. பாட்டிக்கு நினைவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பன்னிரண்டு வயது அப்போது. நான் சொல்கிறேன், உன் பாட்டி சொன்னதுதான் அந்த வருஷத்தின் தலைப்புச் செய்தி. மலரின் முதல் பக்கத்தில் அதைப் போடு.

ஆவணி என்றால் என்ன மாதம்? உங்கள் ஊர்ப்பக்கம் குறுவை அறுப்புக்கு முந்தின மாதம். தஞ்சாவூர் ஜில்லாவிலேயே பத்தாயத்தில் அடிப்பலகை தெரிகிற சமயம். 64-ல் அது நாடு முழுக்க இருந்த தட்டுப்பாட்டோடு சேர்ந்துகொண்டது. விலை ஏற ஏற, நெல் வைத்திருந்தவன் அதை வெளியே விடவில்லை. பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. எங்கள் அம்மா வாழ்நாளில் கோதுமையைத் தொட்டதில்லை. அதை உரலில் இட்டு இடித்து, ரவையாக்கி, கஞ்சி காய்ச்சி, சோறு மாதிரி தட்டில் ஊற்றி வைப்பார். என் தம்பி அதைப் பார்த்ததும் திண்ணைக்கு ஓடிவிடுவான். பிள்ளை பெற்ற வீட்டில், பத்தியச் சோறு வடிக்க வேண்டிய நேரத்தில், அரிசிக்கு அலைந்தால் உன் பாட்டி வேறு எதை நினைவில் வைப்பார்?

இதை வைத்தே நாட்டுச் செய்தியையும் சொல்லலாம், பார். நேரு போனபின் சாஸ்திரி மந்திரிசபை அமைத்தபோது, எஃகு இலாகாவில் இருந்த நம் சி. சுப்பிரமணியத்தை உணவு இலாகாவுக்கு மாற்றினார். உணவு இலாகா என்றால் அன்றைக்கு மந்திரிகள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிப்போகிற இடம். அவர் உட்கார்ந்தார். பிற்பாடு பசுமைப் புரட்சி என்று பேசப்பட்டதெல்லாம் அங்கே தொடங்கியதுதான். அந்த வருஷக் கடைசியில் இந்திய உணவுக் கழகத்துக்குச் சட்டம் வந்தது. கழகம் 1965 ஜனவரி 14-ல் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகம் எங்கே திறந்தார்கள் தெரியுமா? உங்கள் தஞ்சாவூரில். பொங்கல் நாள். உன் அப்பா நாலைந்து மாசக் குழந்தை. இது உன் பட்டியலில் இல்லையே?

அந்த அரிசிக் கோபம் அதோடு தீரவும் இல்லை. 67 தேர்தலில் "ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அண்ணா கட்சி மேடைக்கு மேடை பேசியது சும்மா எடுபட்டதா? மொழிப் போராட்டத்தை எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதட்டும், அது பெரிய காரணம்தான். வீட்டுப் பெண்களிடம் ஓட்டுக் கேட்டுப் போனவர்களைக் கேட்டால் அரிசியைத்தான் முதலில் சொல்வார்கள்.

நேருவுக்கு அரைப் பக்கம் போதும். எங்கள் ஊரில் முனிசிபல் பார்க்கில் குழாய் ரேடியோ இருந்தது. மே மாதம், பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானத்துக்கு மேல் பாட்டெல்லாம் நின்றுபோய் சோக வாத்தியம் மட்டும் வாசித்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. அப்பாவைவிட அதிகம் கலங்கியவர் எங்கள் தெருப் பாய். கடையை இரண்டு நாள் திறக்கவில்லை. ஆனால் நேரு பற்றி உலகமே எழுதியாயிற்று. எழுத வேண்டுமென்றால் காமராசரை எழுது. முதல்வர் பதவியை 63 அக்டோபரில் விட்டுவிட்டு காங்கிரஸ் தலைவராகப் போனவர், ஜனவரியில் புவனேசுவர மாநாட்டில் அவர் தலைமை தாங்கும்போதுதான் நேருவுக்குப் பக்கவாதம் தாக்கியது. நேரு போனபின் அடுத்த பிரதமர் யார் என்பதை ஒவ்வொருவரிடமாகப் பேசி, போட்டியில்லாமல் முடித்தவர் அவர். விருதுநகர்க்காரர் டெல்லியில் நாற்காலியை முடிவு செய்த வருஷம் அது.

இப்போது புயல். இதை ஒரு வரியில் முடிக்காதே. என் அப்பா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கிற தொழிலாளி. போட் மெயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறினால் தலைமன்னார். மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை ராத்திரி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர், நம்பர் 653. ஊரை நெருங்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்று, விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்தது என்று ரயில்வேயில் பெரியவர்கள் சொல்லுவார்கள். அலை மொத்த வண்டியையும் எடுத்துக்கொண்டது. 115 பேர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? புயலில் மொத்தம் ஆயிரத்து எண்ணூறு பேர் வரை போனார்கள் என்பார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்கச் சாவடி, கோயில், சர்ச், எல்லாம் மணலுக்குள். ஊர் குடியிருக்க லாயக்கில்லை என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது.

பாம்பன் பாலத்தில் 146 கண். பெரும்பாலானவற்றின் கர்டர்களை, அதாவது தூணுக்குத் தூண் போட்ட இரும்பு உத்திரங்களை, கடல் பிடுங்கிப் போட்டுவிட்டது. கப்பல் போக நடுவில் திறக்குமே, அந்த ஷெர்சர் தூக்கு மட்டும் நின்றது. சீர்செய்ய ஆறு மாதம் கெடு என்றார்கள், அப்புறம் மூன்றாகக் குறைத்தார்கள். பொறுப்பில் இருந்தவர் 32 வயது இ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர். கடலில் விழுந்து கிடந்த கர்டர்களையே தேடி மீட்டு, தூக்கி, மறுபடி ஏற்றி, 46 நாளில் வண்டியை ஓடவிட்டார். எங்கள் அப்பாவையும் மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து, கயிறு அழுத்திய தடம் குறுக்கே ஓடியிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறாது என்பதால் அம்மா வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றி வைத்தார். சாப்பிடக்கூட கை மடங்காது. ஸ்ரீதரனுக்கு ரயில்வே மந்திரி விருது கொடுத்தார், கொடுக்க வேண்டியதுதான். கேங்மேன்கள் பெயர் எந்த மலரிலும் இல்லை. உன் மலரில் "கேங்மேன்கள்" என்று ஒரு சொல்லாவது போடு, போதும்.

ஹாக்கிக்குக் கோல் அடித்தவர் மொஹிந்தர் லால். அவர் பெயரை விட்டுவிட்டாய். கோல் கீப்பர் சங்கர் லட்சுமண். அவர் அன்றைக்குத் தடுத்ததெல்லாம் கோல் அடித்ததற்குச் சமம்.

கோத்தகிரி சிலோன்காரன்:

கார்டு ஐயா போட் மெயில் பற்றி எழுதியதும் கை நிற்கவில்லை. தங்கச்சி, நீங்கள் "சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்" என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குள் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்தவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்குச் சிலோன் குடியுரிமை கொடுக்கும், 15 வருஷத்தில் முடிக்க வேண்டும். மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்து, 74-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த யாரையும் யாரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்துப் பேசினார், நடக்கவில்லை.

இதில் யாரும் சேர்த்துப் பார்க்காத ஒன்று உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தானது அக்டோபர் 30. ஜனங்கள் வந்து இறங்க வேண்டிய தனுஷ்கோடித் துறை டிசம்பர் 22-ல் இல்லாமல் போனது. இரண்டு மாதம்கூட இல்லை. அதனால் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். அங்கிருந்து மண்டபம் கேம்ப். கேம்பில் கொடுத்த குடும்ப அட்டை அம்மாவிடம் கடைசி வரை இருந்தது. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் வந்த பிறகும் அதைத்தான் டிரங்குப் பெட்டியின் அடியில், கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட்டோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 68-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கினார்கள், இன்றைக்கு டான்டீ என்கிறார்களே, அது. அங்கே தமிழன் என்று அனுப்பினார்கள். இங்கே இன்னும் "சிலோன்காரங்க" என்றுதான் பெயர்.

உங்கள் மலரில் இரண்டு வரி கூடக் கொடுங்கள். அழுகிற மாதிரி வேண்டாம். கணக்கை மட்டும் போட்டால் போதும்.

செப்புக்காசு:

நான் நாணயம் சேர்ப்பவன். தாம்பூலப் பைக்கு ஒரு யோசனை. 1964-ல்தான் இந்திய அரசு முதல் நினைவு நாணயம் வெளியிட்டது, நேரு தலை போட்ட ஒரு ரூபாயும் ஐம்பது காசும். ஐம்பது காசு ஏராளமாக அடித்ததால் பழைய நாணயக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். அதைவிட மலிவு அந்த வருஷம் அறிமுகமான மூன்று காசு: அலுமினியம், அறுகோணம், ஊதினால் பறக்கும். 1964 என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மலரின் அட்டையில் ஒன்றை ஒட்டிவிடலாம்.

"நயா பைசா" வெறும் "பைசா" ஆனதும் அதே வருஷம் ஜூன் 1-ல்தான். ஆனால் ஜனங்கள் ரொம்ப காலம் நயா பைசா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தாத்தா ஓட்டாண்டி ஒருவரைக் குறிப்பிட வேறு சொல்லே பயன்படுத்த மாட்டார்.

குடந்தை மகள்:

கார்டு ஐயா, பாட்டிக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். கோதுமைக் கஞ்சி வரைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர், "உரல்ல இடிச்சா ரவை வராது, திருகையில உடைக்கணும், அவங்க அம்மாவுக்குத் தெரியல" என்று சொல்லச் சொன்னார். அப்புறம் அரை மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். எங்கள் தாத்தா யார் வீட்டிலிருந்து எப்படி மரக்கால் அரிசி கொண்டுவந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. கோத்தகிரி அண்ணா, உங்களுக்குக் கண்டிப்பாக அரைப் பக்கம் உண்டு. மூன்று காசுக்கு தம்பி அலையத் தொடங்கிவிட்டான்.

இப்போது வேறு சிக்கல். அத்தை, அப்பாவின் தங்கை, மலரின் மாதிரியைப் பார்த்துவிட்டு (இங்கேயும் போட்டிருக்கிறேன்), "மங்கல காரியத்துக்கு அடிக்கிற புஸ்தகத்துல இறந்தவர்கள்னு ஒரு பக்கமா? ரயிலோட போன சனத்தை எல்லாம் போட்டு, அதைத் தாம்பூலத்தோட கொடுப்பியா?" என்று பிடித்துக்கொண்டார். சாவுச் செய்தி ஒன்றும் வேண்டாம், பிறந்தவர்களை மட்டும் போடு என்கிறார். அப்படிச் செய்தால் பி.டி. உஷாவும் அமித் ஷாவும்தான் மிஞ்சுவார்கள். அப்பா இதில் தலையிட மாட்டார். என்ன செய்யட்டும்?

ரிடையர்டு கார்டு, பரமக்குடி:

பாட்டிக்கு என் வணக்கம். எங்கள் வீட்டில் திருகை இல்லை என்று சொல்லிவிடு.

அத்தையிடம் சண்டை போடாதே. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. "இறந்தவர்கள்" என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் நிறையப் பெயர் அடுக்கினால், எனக்கே தாம்பூலத்தோடு வாங்கக் கை வராது. அந்தத் தலைப்பைத் தூக்கு. "பிறந்தவர்கள்" என்பதையும் தூக்கு. பஞ்சாங்கக்காரர் சொன்னபடி சித்திரையில் தொடங்கி மாதம் மாதமாக எழுது. சித்திரையில் பாரதிதாசன் வரட்டும். போனார் என்று ஒரு வரி, அவர் பாட்டு நாலு வரி. வைகாசியில் நேரு, காமராசர், சாஸ்திரி. ஆனியில் கோழிக்கோட்டுப் பக்கம் உஷா பிறக்கிறாள், உன் அப்பாவுக்கு இரண்டு மாதம் மூத்தவள். ஆவணி முழுக்க உன் வீடு: பாட்டி சொன்ன மரக்கால் அரிசியும் உன் அப்பாவும். ஐப்பசியில்தான் நெரிசல். ஹாக்கி, ஒப்பந்தம், கல்கத்தாவில் மார்க்சிஸ்ட் மாநாடு எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. அமித் ஷாவும் அந்த மாதம்தான். போடுவதா விடுவதா என்று உன் சித்தப்பா, மாமா எந்தெந்தக் கட்சி என்று பார்த்து முடிவு செய். கார்த்திகையில் துவாரமும் போப்பும். இந்தியாவுக்கு வந்த முதல் போப் அவர், அதைச் சேர். ஹால்டேன் யார் என்று விளக்கவே ஒரு பக்கம் ஆகும், விட்டுவிடு. மார்கழியில் புயல். தையில் பாலத்தில் வேலை நடக்கிறது, தஞ்சாவூரில் உணவுக் கழகம் திறக்கிறது, மதுரையில் மாணவர்கள் தெருவுக்கு வருகிறார்கள். இப்படி வந்தால் சாவு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது.

புயலை மட்டும் விடக் கூடாது என்பது என் பிடிவாதம். அத்தை மறுபடி பேசினால் ஒன்று கேள். மணிவிழாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? திருக்கடையூரில். அங்கே தனிச் சந்நிதியில் இருக்கும் சுவாமி பெயர் என்ன? காலசம்ஹார மூர்த்தி. மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைக் காலால் உதைத்த கதையைச் சொல்லாமல் அந்தக் கோயிலில் ஒரு மாலை மாற்ற முடியுமா? எமன் பேரைக் குருக்களே அன்றைக்கு எத்தனை தடவை சொல்லுவார். அவருக்கு இல்லாத தோஷம் உன் மலருக்கு எங்கிருந்து வரும்?

வண்டி போனதை எழுதும்போது விவரணை வேண்டாம். நம்பர், தேதி, எத்தனை பேர் என்பது மட்டும். அடுத்த வரியிலேயே 46 நாளில் பாலம் ஏறியதை எழுதிவிடு. இடையில் காலி இடம் விடச் சொல்லாதே. அச்சகத்துக்காரன் அந்த இடத்தில் ரோஜாப்பூப் படம் போட்டுவிடுவான்.

பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் ஒன்று உண்டு. அதன் படம் போடாதே, 64-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய தூக்குப் பாலத்தின் படமே போடு.

அப்புறம் எழுத்தின் அளவு. அந்த மாதிரியைப் பதிவில் போட்டிருந்தாயே, கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. மணிவிழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உன் அப்பாவைவிட மூத்தவர்கள். இருபது பக்கம் ஆனாலும் பரவாயில்லை, பெரிய எழுத்தில் அடிக்கச் சொல். எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பு, விலாசம் தனிச் செய்தியில் தருகிறேன்.